கொழுப்பு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்களுக்கும் அதை எடுத்துத் தரும் மருந்தாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் பலதுறை மருந்தகங்களிலும் அக்கம்பக்கத்துத் தனியார் மருந்தகங்களிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம், அங் மோ கியோவில் உள்ள என் தாயாரின் வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, சாமி மாடத்துக்குக் கீழுள்ள அலமாரியில் பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கண்டேன். திரிநூலோ கற்பூரமோ இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே மாத்திரை அட்டைகள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அடியில் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20, எல்லாவற்றுக்கும் மேலே 40. முப்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்தவள் என்பதால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. 868 மாத்திரைகள். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக் கணக்கு.

அந்த இரண்டரை ஆண்டில் நடந்ததைப் பின்னர் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அம்மாவுக்கு வயது 74. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தகம் செல்வார். “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் “சாப்பிடுகிறேன்” என்பார். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு 3.9 மில்லிமோலிலேயே நிற்பதைக் கண்ட மருத்துவர், கையிலிருந்த தகவலைக் கொண்டு எந்த நல்ல மருத்துவரும் செய்யக்கூடியதைச் செய்தார்; அளவைக் கூட்டினார். கூட்டிய அளவும் டின்னுக்குள் போயிற்று. எண் அசையவில்லை. மறுபடியும் கூட்டினார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். மாத்திரை தொடங்கிய இரண்டாம் வாரம் இரண்டு தொடைகளிலும் குடைச்சல் எடுத்ததாம். உடனே நிறுத்திவிட்டு, அடுத்த முறை போனபோது குடைச்சலைப் பற்றிச் சொல்லியும் இருக்கிறார். உடன் சென்ற என் தம்பி மகன் அதை ஆங்கிலத்தில் வெறும் கால்வலி என்று மொழிபெயர்த்திருக்கிறான். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் இருப்பது மருத்துவக் குறிப்பில் முன்பே பதிவாகியிருந்ததால், தடவிக்கொள்ளத் தைலம் கிடைத்தது. குடைச்சல் தொடையில், தைலம் முழங்காலுக்கு. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. “அந்த டாக்டர் தங்கமான பிள்ளை. நான் சாப்பிடவில்லை என்று சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும்” என்றார்.

தமிழில் கால்வலிக்கு ஒரே ஒரு சொல் இல்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும். எலும்பை ஒட்டி ஆழத்தில் துளைப்பதுபோல் இருந்தால் குடைச்சல். அலைந்து திரிந்த பிறகு வருவது கடுப்பு. நள்ளிரவில் கெண்டைக்காலைச் சுருட்டி இழுப்பது பிடிப்பு. பாதம் தன்னுடையது இல்லாததுபோல் ஆவது மரத்துப்போதல். சிம்வாஸ்டாட்டின் போன்ற, ஸ்டாட்டின் எனப்படும் கொழுப்புக் குறைப்பு வகை மருந்தினால் வரும் தசைத் தொல்லை பெரும்பாலும் உடலின் இரு பக்கத்திலும், தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வெளிப்படுகிறது. நீரிழிவினால் நரம்பு கெடும்போது வரும் எரிச்சலும் மரப்பும் பாதத்தில் தொடங்கி மேலேறுகின்றன. மூட்டுத் தேய்மானம் படியிறங்கும்போது முழங்காலில் தன்னைக் காட்டுகிறது. இந்த வேறுபாடு முழுவதும் அம்மாவின் சொற்களிலேயே இருந்தது. மூன்றுக்கும் பொதுவான ஒற்றைச் சொல்லாக அது மாறியபோது, நீங்கள் நோயறிவதற்கு வேண்டிய துப்பு காணாமற்போயிற்று.

டின்னைக் கண்ட அன்றிரவு எனக்குக் கோபம் வந்தது. “இன்று முதல் என் கண்முன்னால் சாப்பிட வேண்டும்” என்று சொல்லி, மேல் அடுக்கிலிருந்த 40 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பிரித்து வெந்நீரோடு நீட்டினேன். அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்றார். மறுநாள் அவரையும் டின்னையும் அழைத்துக்கொண்டு மருந்தாளர் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. அம்மா உட்கொள்ளும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் மேசைமேல் வைக்கச் சொன்னார். வேறொரு தனியார் மருந்தகத்தில் இரத்த அழுத்தத்துக்காகத் தரப்பட்ட அம்லோடிபின் அவற்றில் இருந்தது. அம்லோடிபினோடு சேரும்போது சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும் என்பதால், அந்தச் சேர்க்கையில் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011ஆம் ஆண்டே வரம்பு விதித்திருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். சொல்லாமல் மறைத்ததனால் காகிதத்திலேயே வளர்ந்துவிட்ட ஓர் அளவை, மகள் என்ற உரிமையில் நான் அவருக்கு ஊட்ட இருந்தேன். அந்த நினைப்பு இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்த மடலை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நான் இந்த மாத்திரையின் பக்கம் நிற்பவள். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கல்லீரலில் கொழுப்பு உருவாகத் துணைபுரியும் நொதியைத் தடுக்கும் பொருளைக் கண்டெடுத்தார். அந்த நொதி தடைபட்டதும், கல்லீரல் தனக்கு வேண்டிய கொழுப்பை இரத்தத்திலிருந்தே இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் எல்டிஎல் இறங்குகிறது. சந்தைக்கு வந்த முதல் ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டினுக்கு 1987இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எண் இறங்குவது சரி, உயிர் நிலைக்குமா என்ற கேள்விக்கு 1994இல் வெளிவந்த ஸ்காண்டினேவிய ஆய்வு விடை சொன்னது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரில் ஒரு பாதியினருக்குச் சிம்வாஸ்டாட்டினும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, ஐந்தாண்டுக்குச் சற்று மேல் கவனித்தார்கள். வெறும் மாத்திரை உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 11.5 பேர் இறந்தார்கள். ஸ்டாட்டின் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 8.2 பேர்.

இதே முடிவை, மரணம் 30 விழுக்காடு குறைந்தது என்றும் சொல்லலாம், நூறு பேரில் மூன்று பேருக்குச் சற்று மேல் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் முதலாவதை மட்டும் கேட்டவர், மாத்திரை சாப்பிடும் தமக்கு முப்பது விழுக்காடு பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்கிறார். வகுப்பில் விழுக்காட்டுப் பாடம் நடத்தும்போது, எதில் எத்தனை விழுக்காடு என்று கேட்காமல் விடையை எழுதாதீர்கள் என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்று உள்ள ஒருவருக்கு, ஆபத்தைக் கால்பங்கு குறைக்கும் மருந்து அதை 15 ஆக்குகிறது. வாய்ப்பு நூற்றுக்கு 4 என்று உள்ளவருக்கு அதே மருந்து, அதே கால்பங்கு, 4 என்பதை 3 ஆக்குகிறது. முதலாமவர் நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்குவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. இரண்டாமவர் யோசித்து முடிவெடுக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஒருவருக்கு உயிர்காப்பாக இருப்பது இன்னொருவருக்கு ஏன் விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கிறது என்பது இந்தச் சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது. காப்பிக்கடை மேசையில், “உனக்கும் எனக்கும் ஒரே நம்பர்தானே, உனக்கு மட்டும் ஏன் மாத்திரை?” என்று எழும் ஐயமும் இதனால் தீர்ந்துவிடும்.

நம் சமூகத்துக்கு இந்தக் கணக்கு கூடுதல் முக்கியம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயதின் சராசரி 53. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. சிங்கப்பூரிலும் சீனரைவிட மலாய்க்காரரிடமும் இந்தியரிடமும் மாரடைப்பு அதிகம். இங்கே நீங்கள் பயன்படுத்தும் ஆபத்துக் கணிப்புமுறை வயது, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றோடு இனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணிப்பு உங்கள் கணினித் திரையில் நின்றுவிடாமல், எங்களுக்கும் எட்டும்படி செய்யுங்கள். “உங்களுக்குக் கொழுப்பு அதிகம்” என்பதற்குப் பதிலாக, “உங்களைப் போன்ற நூறு பேரில் இத்தனை பேருக்கு வரும், மாத்திரை சாப்பிட்டால் இத்தனை பேராகக் குறையும்” என்று ஒரு வரி சொன்னால் போதும். ஹெல்த்தியர் எஸ்ஜி திட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் வழி 2023 முதல் இருப்பதால், இந்த உரையாடலை ஒரே நாளில் முடிக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை.

இனிப் பக்க விளைவுகள். மக்கள் அஞ்சுவதும், நீங்கள் சில வேளைகளில் வேகமாகக் கடந்துபோவதும் இந்தப் பகுதிதான்.

லான்செட் மருத்துவ ஏடு 2016இல் வெளியிட்ட ஒரு பெரிய மீளாய்வு இருபுறக் கணக்கையும் ஒரே அளவுகோலில் வைத்தது. எல்டிஎல் 2 மில்லிமோல் இறங்கும் அளவுக்கு 10,000 பேர் ஐந்தாண்டு ஸ்டாட்டின் உட்கொண்டால், ஏற்கெனவே இரத்தக்குழாய் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 1,000 பேருக்கும், நோய் இன்னும் வராத ஆனால் ஆபத்து மிகுந்தவர்களில் ஏறத்தாழ 500 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் தவிர்க்கப்படும். அதே 10,000 பேரில் ஏறத்தாழ 5 பேருக்குக் கடுமையான தசைநோய் வரும். 50 முதல் 100 பேருக்குப் புதிதாக நீரிழிவு கண்டறியப்படும். 5 முதல் 10 பேருக்கு மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். அம்மாவிடம் சொல்லும்போது இதை ஓர் ஈரடுக்குப் பேருந்தாக்கிச் சொன்னேன். நூறு பேர் ஏறியிருக்கும் பேருந்தில், இதய நோய் உள்ளவர்களாக இருந்தால் பத்துப் பேர் தப்புகிறார்கள். சர்க்கரை நோய் ஒருவருக்கு முன்கூட்டியே வரலாம் அல்லது யாருக்கும் வராமலும் போகலாம். தசை உருகும் நோயாளியைப் பார்க்க இதுபோல் இருபது பேருந்துகளைத் தேட வேண்டும். அம்மா சற்று யோசித்துவிட்டு, “அந்தப் பத்துப் பேரில் நான் இருப்பேனா?” என்று கேட்டார். அது யாருக்கும் தெரியாது என்றேன். நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை வேறில்லை.

நீரிழிவைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் அது இல்லாத கூடம் குறைவு. 2024இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, குறைந்த அல்லது நடுத்தர அளவில் ஸ்டாட்டின் உட்கொள்பவர்களிடம் புதிய நீரிழிவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. அதாவது, ஆண்டுக்கு நூற்றுக்கு 1.2 என்பது 1.3 ஆகிறது. உயர்ந்த அளவில் இந்தக் கூடுதல் பெரிது. ஆனால் கூடுதலாகக் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர், சர்க்கரை அளவு தொடக்கத்திலேயே எல்லைக்கு அருகில் இருந்தவர்கள். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கக்கூடியவர்களை மருந்து சற்று முன்னதாகத் தள்ளிவிடுகிறது. இதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால், எல்லையில் இருப்பவர் மாத்திரையோடு நடையையும் தொடங்குவார். சொல்லாமல் விட்டால், ஓராண்டு கழித்து எண் உயர்ந்ததும் “டாக்டர் கொடுத்த மாத்திரையால் சர்க்கரை வந்தது” என்ற செய்தி மட்டும் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றும்.

தசை வலிக்கு வருகிறேன். 2022இல் வெளிவந்த தொகுப்பாய்வில், வெறும் மாத்திரை உட்கொண்டவர்களில் 26.6 விழுக்காட்டினரும், ஸ்டாட்டின் உட்கொண்டவர்களில் 27.1 விழுக்காட்டினரும் தசைவலி அல்லது தளர்ச்சி இருப்பதாகச் சொன்னார்கள். முதலாண்டில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேருக்கு மருந்தினால் கூடுதல் வலி வந்தது. பிறகு அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது. பிரிட்டனில் நடந்த சாம்சன் என்னும் இன்னொரு ஆய்வு 2020இல் வெளிவந்தது. பக்க விளைவினால் ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேர், சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் வெறும் மாத்திரை, சில மாதங்கள் ஒன்றுமில்லாமல் என ஓராண்டு இருந்து, அன்றன்றைய தொல்லையைக் கைப்பேசியில் பதிந்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் 90 விழுக்காடு, வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. தம் சொந்தப் பதிவுகளைப் பார்த்த பிறகு பாதிப் பேர் மாத்திரையை மீண்டும் தொடங்கினார்கள்.

இந்த ஆய்வை எங்களிடம் எடுத்துச் சொல்லும்போது மிகுந்த கவனம் வேண்டும். “எல்லாம் மனப்பிரமை” என்று ஒரு சொல் வந்துவிட்டால் அத்தோடு கதவு சாத்தப்படும். அந்த 60 பேருக்கும் வலித்தது. வெறும் மாத்திரை மாதத்திலும் உண்மையாகவே வலித்தது. எதிர்பார்ப்பும் அச்சமும் உடலில் வலியை உண்டாக்கும் வல்லமை உடையவை என்பதைத்தான் அது காட்டுகிறது. அம்மாவுக்கு இந்த ஆய்வே தேவைப்படவில்லை. இரண்டரை ஆண்டாக மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை, கால்வலி மட்டும் ஏன் இன்னும் இருக்கிறது என்று மருந்தாளர் மெல்லக் கேட்டார். அந்த மருந்தாளர் மலாய்ப் பெண்மணி. அம்மாவுக்குப் பசார் மலாய் சரளமாக வரும். இப்போது இருப்பது முழங்கால், அது வேறு. அன்று வந்தது தொடைக் குடைச்சல், அது நிறுத்தியதும் பத்து நாளில் போய்விட்டது என்று அவர் மலாயிலேயே பிரித்துச் சொன்னார். ‘கெபாஸ்’ (மரப்பு) இல்லை, ‘லெங்ஙோ’ (தசை உளைச்சல்) என்று தொடையைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் தொலைந்தது மலாயில் கிடைத்தது. ஆக, அம்மா அந்தப் பதினொரு பேரில் ஒருவராகவும் இருக்கலாம். அவரை நம்பியதால்தான் அடுத்த வழி திறந்தது.

மருத்துவர் சிம்வாஸ்டாட்டினை நீக்கி, ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம் எழுதினார். ஆசிய மரபினரின் இரத்தத்தில், இந்தியரும் அவர்களுள் அடக்கம், ரோசுவாஸ்டாட்டின் ஏறத்தாழ இருமடங்கு தங்குவதால், குறைந்த அளவில் தொடங்குவதே முறை என்று விளக்கினார். ஸ்டாட்டினின் அளவை இருமடங்காக்கினால் எல்டிஎல் மேலும் 6 விழுக்காடு அளவுக்குத்தான் குறைகிறது என்பதையும் அவரிடமிருந்தே கேட்டறிந்தேன். குறைந்த அளவிலேயே பெரும்பயன் கிடைத்துவிடுகிறது என்னும் இந்தச் செய்தியை, அஞ்சுகிறவர்களிடம் நீங்கள் முதலிலேயே சொல்லலாமே! மூன்று மாதம் கழித்து அம்மாவின் எல்டிஎல் 2.3 ஆக இறங்கியிருந்தது. அவருடைய நிலைக்கு இன்னும் குறைய வேண்டும் என்பதால், ஸ்டாட்டின் அல்லாத இன்னொரு கொழுப்பு மாத்திரையான எசெட்டிமைப் சேர்ப்பது பற்றிப் பேசியிருக்கிறார்கள். அம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை.

பரபரப்பான காணொளிகளைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. 2013இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஸ்டாட்டினை ஐயுறும் நிகழ்ச்சி ஒளிபரப்பான பின், அறுபதாயிரம் பேர் அளவுக்கு மாத்திரை வாங்குவது குறைந்ததாக அங்குள்ள ஆய்வாளர்கள் கணித்தார்கள். தமிழில் வரும் காணொளிகள் அதைவிட உறுதியான குரலில் பேசுகின்றன. மாத்திரை கல்லீரலைத் தின்றுவிடும் என்கின்றன. கல்லீரல் நொதி சிலருக்குச் சற்று உயரும் என்பதும், கடுமையான பாதிப்பு மிக அரிது என்பதும், அதனால் 2012 முதல் அமெரிக்காவில் வழக்கமான தொடர் கல்லீரல் பரிசோதனை கூடத் தேவையில்லை என்று கூறப்பட்டதும் அதே எளிய தமிழில் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். செரிவாஸ்டாட்டின் என்னும் ஒரு ஸ்டாட்டின், தசைச் சிதைவினால் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு 2001இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதையும் மறைக்க வேண்டாம். அது நடந்தது என்று நீங்களே சொன்னால், மற்றவை அப்படியில்லை என்று சொல்லும்போது நம்புவோம். “இயற்கையானது” என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் இருப்பதும் லோவாஸ்டாட்டினேதான். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் முதியவர்களை என் புளோக்கிலேயே கண்டிருக்கிறேன்.

நான் கேட்பவை பெரியவை அல்ல. முதலாவதாக, மாத்திரையோடு தமிழில் ஒரு தாள் தாருங்கள். நன்மையும் தீங்கும் நூறு பேர்க் கணக்கில் அதில் இருக்கட்டும். எந்த வலி என்று தொட்டுக் காட்ட, குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, மரப்பு என்ற சொற்களோடு ஓர் உடல் வரைபடமும் இருக்கட்டும். சிறுநீர் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் கறுத்தாலோ, நாற்காலியிலிருந்து எழ முடியாத அளவுக்குத் தசை தளர்ந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பெரிய எழுத்தில் வேண்டும். பொரித்த கோழிக்குக் கட்டுப்பாடு சொல்லும் தாள்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அவை இப்போதைக்குப் போதும்.

அடுத்து, அலகு. திருச்சியில் இருக்கும் என் சின்னம்மா தமக்கு எல்டிஎல் 130 என்று தொலைபேசியில் சொல்ல, அம்மா தமக்கு 3.9தான் என்று நிம்மதி அடைந்தார். அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், இங்கே லிட்டருக்கு மில்லிமோல். நம் 3.9ஐ 38.67ஆல் பெருக்கினால் அது 150ஐத் தாண்டுகிறது. ஊரோடு நாள்தோறும் பேசும் குடும்பங்களுக்குப் பரிசோதனைத் தாளில் இரண்டு அலகும் வேண்டும்.

மற்றது, கேள்வி கேட்கும் முறை. “சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் எங்கள் பெரியவர்கள் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், மரியாதை அப்படி. “போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போயிற்று? பலருக்கும் விட்டுப்போகும்” என்று கேட்டுப் பாருங்கள். எல்டிஎல் அசையாமல் நின்றால், அளவைக் கூட்டும் முன் வீட்டில் மிச்சமுள்ள மாத்திரைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டின்னோடு வந்தால், எங்கள் மருந்தாளர் செய்ததுபோல், முதலில் நாற்காலியைக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் மீண்டும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. நாட்காட்டியில் மாத்திரை சாப்பிட்ட நாளுக்கு ஒரு புள்ளி வைக்கிறார். இந்த மூன்று மாதத்தில் நான்கு நாட்களுக்குப் புள்ளி இல்லை. அந்த நாட்காட்டித் தாள்களைக் கிழித்துக் கைப்பையில் வைத்திருக்கிறார். எசெட்டிமைப் வேண்டுமா என்று கேட்டால், சேர்த்தால் நூறு பேரில் எத்தனை பேர் கூடுதலாகத் தப்புவார்கள் என்று திருப்பிக் கேட்கப் போவதாகச் சொல்கிறார். தயவுசெய்து அவருக்கு விடை வைத்திருங்கள்.

இப்படிக்கு,
அங் மோ கியோவிலிருந்து ஒரு மகள்